வாசலைக் காக்க அடுத்த வீட்டுக்காரருக்குச் சம்பளம்

கேள்வி இது: “ஐரோப்பிய நாடுகள் துருக்கிக்கும் லிபியாவுக்கும் துனிசியாவுக்கும் கோடி கோடியாகக் கொடுத்து, அகதிகளை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்கின்றன. இவ்வளவு பணமும் கடற்படையும் இருப்பவர்கள் தங்கள் எல்லையைத் தாங்களே காக்க வேண்டியதுதானே? இந்த ஏற்பாட்டால் உண்மையில் பலன் உண்டா?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ஆளும் கப்பலும் இல்லாமல் இல்லை. சொந்தக் கையால் தடுத்தால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். அடுத்தவர் கையால் தடுத்தால் சொல்ல வேண்டாம். ஆனால் இந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு இன்னும் கறார். சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு, அகதியோ இல்லையோ, யாரையும் அனுப்ப முடியாது. ஆக, ஒருவர் இத்தாலிய மண்ணில் கால் வைத்துத் தஞ்சம் கேட்டுவிட்டால், அவர் சொல்வது பொய் என்றே அதிகாரி நினைத்தாலும், விசாரித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். விசாரணைக்கு மாதங்கள், மேல்முறையீட்டுக்கு வருடங்கள். உடன்படிக்கையிலிருந்து வெளியேற எந்த அரசுக்கும் துணிவில்லை, அப்படியே கடைப்பிடிக்கவும் மனமில்லை. அப்படியானால் மிஞ்சுவது, அந்தக் கால் மண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இது ஐரோப்பாவில் பிறந்த யோசனையும் அல்ல. 1981இல் ரீகன் அரசு, ஹெய்ட்டியை ஆண்டுகொண்டிருந்த துவாலியேயுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. ஹெய்ட்டியிலிருந்து புறப்படும் படகுகளை அமெரிக்கக் கடலோரக் காவல் படை நடுக்கடலிலேயே மறித்து, ஆட்களைத் திரும்பக் கொண்டுபோய் விடும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 33ஆவது பிரிவு நடுக்கடலில் அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாது என்று 1993இல் எட்டு நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மறுத்தார். ஐரோப்பாவின் மனித உரிமை நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. போயிருந்தால் லிபியாவுக்கு இவ்வளவு செலவழித்திருக்கவே வேண்டாம்.

இத்தாலி கதையை இரண்டு படகுகளை வைத்துச் சொல்கிறேன்.

முதல் சம்பவம் 2009 மே 6. இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில் மூன்று படகுகள், சுமார் 200 பேர். இத்தாலியக் கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன. காப்பாற்றிவிட்டார்கள் என்றுதான் படகில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை. அடையாளத் தாள்கள் உட்படக் கையில் இருந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதிரே லிபியத் தலைநகர் திரிப்போலியின் துறைமுகம். இறங்க மறுத்தவர்களை வலுக்கட்டாயமாக இறக்கி லிபியர்களிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2008 ஆகஸ்டில், இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியும் லிபியாவை ஆண்டுகொண்டிருந்த கடாஃபியும் லிபியாவின் பெங்காசியில் நட்பு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். லிபியாவில் இத்தாலி நடத்திய காலனி ஆட்சிக் கொடுமைகளுக்கு ஈடாக 20 ஆண்டுகளில் 500 கோடி டாலர், பதிலுக்குக் குடியேறிகளைத் தடுப்பதில் ஒத்துழைப்பு. பழைய பாவத்துக்குப் பரிகாரமாகப் புதிய பாவம் செய்த ஒப்பந்தம் என்று நான் இதைச் சொல்வதுண்டு.

திருப்பிவிடப்பட்டவர்களில் 24 பேர், சோமாலியர்களும் எரித்ரியர்களும், வழக்குப் போட்டார்கள். ஹிர்சி வழக்கு என்று பெயர். 2012 பிப்ரவரி 23 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள அந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. கப்பல் இத்தாலியுடையது, மாலுமிகள் இத்தாலியர்கள், ஆகவே அந்தக் கப்பலின் தளத்தில் நடந்ததற்கு இத்தாலிதான் பொறுப்பு. நடுக்கடல் என்ற சாக்கு செல்லாது. ஆளுக்கு 15,000 யூரோ இழப்பீடு. அகதிச் சட்டம் படிக்கிறவர்கள் அன்றைக்குக் கொண்டாடினார்கள். நானும்தான்.

ஆனால் அரசாங்க வழக்கறிஞர்கள் அதே தீர்ப்பை வேறு கண்ணோடு படித்தார்கள். கப்பல் இத்தாலியுடையதாக இருந்ததால்தானே மாட்டிக்கொண்டோம்? மாலுமி இத்தாலியராக இல்லாவிட்டால்?

2017 பிப்ரவரி 2 அன்று இத்தாலியப் பிரதமர் ஜென்திலோனியும் திரிப்போலி அரசின் தலைவர் சர்ராஜும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு அது போகவே இல்லை. லிபியக் கடலோரக் காவல் படைக்குப் படகு, பயிற்சி, பணம் எல்லாம் வந்தன. அந்த மே மாதமே இத்தாலி கொடுத்த ரோந்துப் படகுகளில் ஒன்றின் பெயர் ராஸ் ஜாதிர்.

இரண்டாவது சம்பவம் 2017 நவம்பர் 6. திரிப்போலியிலிருந்து புறப்பட்ட ரப்பர் படகு ஒன்று விடிகாலையில் தண்ணீர் புகுந்து தத்தளிக்கிறது. உதவிக் குரல் ரோமில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகிறது. ரோம் பக்கத்தில் உள்ள கப்பல்களுக்கெல்லாம் செய்தி அனுப்புகிறது. ஜெர்மன் தொண்டு அமைப்பின் ‘சீ வாட்ச்’ கப்பலும் வருகிறது, ராஸ் ஜாதிரும் வருகிறது. லிபியப் படகு மூழ்கும் ரப்பர் படகை ஒட்டியே வந்து நிற்கிறது, ஆட்கள் தண்ணீரில் விழுகிறார்கள். ஏறியவர்களைக் கயிற்றால் அடிக்கிறார்கள். அடி தாங்காமல் சிலர் மறுபடி கடலில் குதித்துத் தொண்டு அமைப்பின் படகை நோக்கி நீந்துகிறார்கள். ஒருவர் ராஸ் ஜாதிரின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அது வேகமெடுத்துக் கிளம்புகிறது. மேலே இத்தாலியக் கடற்படையின் ஹெலிகாப்டர். நில், இயந்திரத்தை நிறுத்து என்று வானொலியில் கெஞ்சாத குறையாகச் சொல்கிறது. எல்லாம் காணொளியில் பதிவாகியிருக்கிறது. குறைந்தது இருபது பேர் இறந்தார்கள். சீ வாட்சில் ஏறியவர்கள் இத்தாலி போனார்கள், ராஸ் ஜாதிரில் மாட்டியவர்கள் லிபியாவுக்கே.

இதற்கும் வழக்குப் போட்டார்கள். படகைக் கொடுத்தது இத்தாலி, பயிற்சிக்கு உதவியது இத்தாலி, செய்தி அனுப்பியது ரோம் என்பது வாதம். 2025 ஜூனில் வெளியான அதே ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் முடிவு: வழக்கு ஏற்கத்தக்கதல்ல. அந்தக் கடற்பரப்பிலோ ராஸ் ஜாதிரின் மாலுமிகள் மேலோ இத்தாலிக்குச் செயலளவிலான கட்டுப்பாடு இருந்ததாகச் சொல்ல முடியாது, எனவே அதன் அதிகார எல்லைக்குள் இது வராது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கடல், அதே மாதிரி மக்கள், போய்ச் சேர்ந்த துறைமுகமும் அதே நாட்டுடையது. மாறியது கப்பலின் கொடி மட்டும். எட்டு வருடமும் சில ரோந்துப் படகுகளும் செலவழித்து இத்தாலி வாங்கியது அந்தக் கொடி மாற்றத்தைத்தான். எல்லைக் காவல் என்று இதைச் சொல்கிறார்கள். வாங்கப்பட்ட சரக்கு நீதிமன்றத்துக்கு எட்டாத தூரம் என்பதுதான் என் கணிப்பு.

சட்டத்துக்கு எட்டாமல் செய்யும் இந்தக் கைவேலை பல ரூபங்களில் வரும். 2016 மார்ச் 18 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்டதை எல்லோரும் ஒப்பந்தம் என்கிறோம். காகிதத்தில் அது ‘அறிக்கை’, பத்திரிகைகளுக்குக் கொடுத்த செய்திக்குறிப்பு. அதை எதிர்த்துச் சிலர் ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்துக்குப் போனபோது, 2017 பிப்ரவரியில் வந்த பதில்: இது ஒன்றியத்தின் எந்த நிறுவனமும் செய்த காரியம் அல்ல, உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடிச் செய்தது, எங்களுக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை. தலைப்பில் ‘ஐரோப்பிய ஒன்றியம் – துருக்கி’ என்று போட்ட தாளில் ஒன்றியம் இல்லையாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, தீர்ப்பே அப்படித்தான்.

கடலில் இன்னொரு வேலை நடந்தது. மத்தியதரைக் கடல் முழுவதும் எந்தப் பகுதியில் யார் மீட்புக்குப் பொறுப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. 2018 வரை லிபியாவுக்கு என்று அறிவிக்கப்பட்ட பகுதி இல்லாததால், நடைமுறையில் ரோம்தான் அழைப்புகளைக் கவனித்தது. அந்த ஜூனில் லிபியாவின் மீட்புப் பகுதி சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பதிவேட்டில் ஏறியது. அதற்குப் பிறகு ரோமுக்கு அழைத்தால், திரிப்போலியைக் கேளுங்கள் என்பார்கள். திரிப்போலியில் பல சமயம் தொலைபேசியை எடுக்க ஆளில்லை.

அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கடற்படைத் திட்டமான ‘சோபியா’விலிருந்து கப்பல்களை விலக்கிக்கொண்டு விமானங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. கப்பல் போனால், மூழ்குகிறவரை ஏற்றித்தான் ஆக வேண்டும், ஏற்றினால் ஐரோப்பியத் தளத்தில் கால் பட்டுவிடும். விமானம் பார்த்தால் போதும். பார்த்துவிட்டு இருப்பிடத்தை லிபியர்களுக்குச் சொல்லலாம். ஃபிரான்டெக்ஸ் என்ற ஐரோப்பிய எல்லை முகமை மால்டாவிலிருந்து ஆளில்லா விமானத்தையும் பறக்கவிடுகிறது.

இந்த நுணுக்கம் தெரியாமல் மாட்டிக்கொண்டது ஒரு தனியார் கப்பல்தான். 2018 ஜூலையில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் இத்தாலியக் கப்பல் ஒன்று 101 பேரை ஏற்றித் திரும்ப லிபியாவில் விட்டது. அதன் கேப்டனுக்கு நேப்பிள்ஸ் நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது, மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசு ஆயிரக்கணக்கில் லிபியர்களை வைத்துச் செய்வதை அவர் ஒரு தடவை தன் கையால் செய்தார், அவ்வளவுதான் குற்றம்.

சரி, திருப்பிக் கொண்டுபோனவர்கள் என்ன ஆகிறார்கள்? 2021இல் மட்டும் 32,000க்கும் மேற்பட்டவர்களை லிபியர்கள் கடலில் பிடித்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். லிபியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. பிடிபட்டவர்கள் தடுப்பு முகாம்களுக்குப் போகிறார்கள். பல முகாம்களை நடத்துவது ஆயுதக் குழுக்கள், பெயருக்குத்தான் உள்துறை அமைச்சகம். அங்கிருந்து வெளியே வரப் பணம் வேண்டும். எரித்ரியாவிலோ சூடானிலோ உள்ள தாய்க்குப் போன் போட்டு, பேசும்போதே பிள்ளையை அடிப்பார்கள். ஐநா விசாரணையாளர்கள் பலமுறை பதிவு செய்த வழக்கம் இது. குடும்பம் கடன் வாங்கி அனுப்பும். வெளியே வந்தவர் மறுபடி படகேறுவார். மறுபடி பிடிபட்டால் மறுபடி பணம். இந்தச் சுற்றில் ஒவ்வொரு ஆளும் இரண்டு மூன்று தடவை விற்பனைச் சரக்காகிறார், படகில் ஏற்றும்போது ஒரு தடவை, பிடித்த பிறகு ஒரு தடவை.

ஏற்றுகிறவரும் பிடிக்கிறவரும் ஒருவராகவே இருந்ததும் உண்டு. ஸாவியா நகரின் கடலோரக் காவல் பிரிவுத் தலைவர், பிஜா என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர். ஆட்கடத்தல் காரணமாக ஐநா பாதுகாப்பு சபை 2018 ஜூனில் அவர் மீது தடை விதித்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் அவர் லிபியக் குழுவோடு சிசிலிக்கு வந்து இத்தாலிய அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருந்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. 2019 ஜூலையில் திரிப்போலிக்கு அருகே தஜூரா முகாமின் மேல் குண்டு விழுந்து 53 பேராவது இறந்தார்கள். போர் நடக்கும் ஊரில், ஆயுதக் கிடங்கை ஒட்டி, பூட்டிய கொட்டகைக்குள் இருந்தவர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. பலன் உண்டா? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், உண்டு. இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இத்தாலிக்குக் கடல் வழியாக 2016இல் 1 லட்சத்து 81 ஆயிரம் பேர் வந்தார்கள், 2018இல் 23 ஆயிரம். கிரேக்கத்துக்கு 2015இல் எட்டரை லட்சம், துருக்கி ஏற்பாட்டுக்குப் பிறகு அது அடியோடு சரிந்தது. தேர்தலுக்கு நிற்கிற அரசியல்வாதிக்கு இது பெரிய பலன்தான்.

ஆனால் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடும். இத்தாலியில் குறைந்த அதே 2018இல் ஸ்பெயினுக்குக் கடல் வழியாக வந்தவர்கள் இரண்டு மடங்குக்கும் மேலானார்கள். லிபியாவில் கெடுபிடி கூடியபோது துனிசியக் கரை திறந்தது, 2023இல் இத்தாலியின் எண்ணிக்கை மீண்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. உடனே அந்த ஜூலையில் துனிசியாவோடு ஓர் ஏற்பாடு, குடியேற்றத் தடுப்புக்கு மட்டும் 10 கோடியே 50 லட்சம் யூரோ. அதே மாதம் துனிசியப் படையினர் கருப்பினத்தவரைப் பிடித்து லிபிய எல்லைப் பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். 2024இல் ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் 46,000க்கும் மேல், இதுவரை இல்லாத உச்சம். அதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரித்தானியாவோடு 21 கோடி யூரோ ஏற்பாடு. அடுத்த ஆண்டு அங்கேயும் பாதிக்குக் கீழே இறங்கியது. இப்படி மடைக்கு மடை காவலாள் வைத்துக்கொண்டே போகிறார்கள், கடலை விட்டுப் பாலைவனம் வரைக்கும்.

பாலைவனக் கதை எனக்கு எப்போதும் மனதில் நிற்பது. நைஜரின் வடக்கே சஹாராவின் வாசலில் அகாதெஸ் என்றொரு ஊர். அங்கிருந்து லிபியாவுக்குப் போகும் டொயோட்டா பிக்கப் வண்டிகளில் பின்தட்டில் மூட்டைகளும் தண்ணீர்க் கேன்களும் போக, மேலே இருபத்தைந்து முப்பது பேர் உட்காருவார்கள். ஓரத்தில் இருப்பவர்களின் கால்கள் வெளியே தொங்கும். மூட்டைகளுக்கு நடுவே தடிக்கம்புகளைச் செருகி, கால்களுக்கு இடையில் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். குலுக்கலில் விழாமல் இருக்க அதுதான் பிடிமானம். விழுந்தால் வண்டி நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இது ஒளிவு மறைவான தொழிலாக இருக்கவில்லை. திங்கள்கிழமைகளில் ராணுவ வண்டிகளின் பின்னால் வரிசையாகப் போவார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குள் போய்வர மக்களுக்கு உரிமை உண்டு, ஒரு செனகல்காரர் அகாதெஸ் வரை வருவதில் சட்டப்படி தவறே இல்லை.

2015 மேயில் நைஜர் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆட்களை ஏற்றிச் செல்வது கடத்தல், வருடக்கணக்கில் சிறை. பின்னால் இருந்த உந்துதலும் பணமும் ஐரோப்பாவுடையது. ஓட்டுநர்கள் உள்ளே போனார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் பறிமுதலாயின. புள்ளிவிவரத்தில் வடக்கே போகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் மிச்ச ஓட்டுநர்கள் வழியை மாற்றினார்கள். பழைய வழியில் கிணறுகள் இருந்தன, கிணற்றடியில் இப்போது சிப்பாய்கள். புதிய வழியில் கிணறு இல்லை. வண்டி பழுதானாலோ ரோந்து வருவது தெரிந்து ஓட்டுநர் ஆட்களை இறக்கிவிட்டு ஓடிவிட்டாலோ, அங்கேயே முடிவு. கடலில் இறந்தால் உடல் எப்போதாவது கரை ஒதுங்கும், மணலில் எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்? 2023 ஜூலையில் அங்கே ராணுவப் புரட்சி. நவம்பரில் அந்தச் சட்டத்தை ஒரே ஆணையில் ரத்து செய்தார்கள். திங்கள்கிழமை வண்டிகள் திரும்பவும் கிளம்பின.

இது நம்மை விலைக்குக் கொண்டுவருகிறது. பணத்தைச் சொல்லவில்லை, பணம் இவர்களுக்குப் பெரிதல்ல. குடுமி யார் கையில் என்பதைச் சொல்கிறேன். கடாஃபி இதை முதலில் புரிந்துகொண்டவர். 2010இல் ரோமுக்கு வந்து, வருடம் 500 கோடி யூரோ கொடுங்கள், இல்லாவிட்டால் ஐரோப்பா கருப்பாகிவிடும் என்று வெளிப்படையாகவே பேரம் பேசினார். வாயால் சொன்னவர் அவர், செய்து காட்டியவர்கள் மற்றவர்கள்.

2021 ஏப்ரலில் மேற்கு சஹாரா விடுதலை இயக்கத் தலைவர் பிராகிம் காலியைக் கோவிட் சிகிச்சைக்காக ஸ்பெயின் தன் மருத்துவமனையில் சேர்த்தது. மேற்கு சஹாரா தன்னுடையது என்று சொல்லும் மொராக்கோவுக்குக் கோபம். மே 17, 18 தேதிகளில் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள ஸ்பெயின் நகரமான சியூட்டாவின் எல்லையில் மொராக்கோ காவலர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுமார் 8,000 பேர் கடலில் இறங்கி, வேலி முனையைச் சுற்றி நடந்தும் நீந்தியும் உள்ளே வந்தார்கள். பத்து மாதம் கழித்து, பல பத்தாண்டு நடுநிலையைக் கைவிட்டு, மேற்கு சஹாரா விஷயத்தில் மொராக்கோவின் திட்டத்தை ஆதரிப்பதாக ஸ்பெயின் பிரதமர் மொராக்கோ மன்னருக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு காவல் பலமாகத்தான் இருந்தது. 2022 ஜூன் 24 அன்று சியூட்டாவைப் போலவே ஸ்பெயின் வசமுள்ள மெலில்லாவின் வேலியில் 23 பேராவது செத்தார்கள்.

துருக்கி விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். 600 கோடி யூரோ துருக்கி அதிபர் எர்டோவானின் கஜானாவுக்குப் போனது என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பகுதி அப்படிப் போகவில்லை. சிரிய அகதிகளுக்கான மாதாந்திரப் பண அட்டை, பள்ளிகள், மருத்துவம் என்று திட்டங்களின் வழியாகச் செலவானது. இருக்கிற ஏற்பாடுகளில் மக்களுக்குக் கொஞ்சமாவது பயன்பட்டது இதுதான். இருந்தும் 2020 பிப்ரவரி கடைசியில், சிரியாவின் இத்லிபில் 33 துருக்கிச் சிப்பாய்கள் கொல்லப்பட்டதும், எர்டோவான் கதவைத் திறந்துவிட்டார். பேருந்து பேருந்தாக மக்கள் கிரேக்க எல்லைக்கு வந்தார்கள். கிரேக்கம் ஒரு மாதத்துக்குத் தஞ்ச மனுக்களையே நிறுத்தி வைத்தது.

இத்தாலியின் குடுமியும் இப்படித்தான். 2025 ஜனவரி 19 அன்று டுரின் நகரில் அல்மஸ்ரி என்ற லிபியக் காவல் அதிகாரியை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணையின் பேரில் கைது செய்தார்கள். சிறையில் கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள். இரண்டே நாளில், நடைமுறைக் கோளாறு என்று சொல்லி விடுவித்து, இத்தாலிய அரசு விமானத்திலேயே திரிப்போலிக்கு அனுப்பி வைத்தார்கள். அவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குப் படகுகளை யார் தடுப்பது என்பதுதான் காரணம் என்று எதிர்க்கட்சிகள் சொல்கின்றன, அரசு மறுக்கிறது. எனக்கு எதிர்க்கட்சிகள் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று தமிழர்கள் நினைக்க வேண்டியதில்லை. 2009 அக்டோபரில், முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்தே மாதத்தில், சுமார் 250 ஈழத் தமிழர்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த மரப்படகை இந்தோனேசியக் கடற்படை மறித்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், இந்தோனேசிய அதிபருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்தது அது. படகை ஜாவாவின் மேற்கு முனையில் மெராக் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். இறங்க மாட்டோம் என்று மக்கள் ஆறு மாதம் படகிலேயே கிடந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி படகிலிருந்து கேமராவைப் பார்த்து, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அழுதது உலகம் முழுக்க ஒளிபரப்பானது. இந்தோனேசியாவும் 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எனவே அங்கே நின்றுவிட்டவர்களுக்குத் தங்கவும் உரிமையில்லை, போகவும் வழியில்லை.

நான்கு வருடம் கழித்து ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2013 நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு. மனித உரிமையைக் காரணம் காட்டிக் கனடாப் பிரதமர் வரவில்லை, மன்மோகன் சிங்கும் போகவில்லை. அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் போனதோடு, இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளையும் பரிசாக அறிவித்தார். சித்திரவதை பற்றிக் கேட்டபோது, அதைக் கண்டிக்கிறோம், ஆனால் கடினமான சூழ்நிலையில் கடினமான காரியங்கள் நடப்பதுண்டு என்ற பொருளில் பதில் சொன்னார். அகதி எந்த அரசிடமிருந்து ஓடுகிறாரோ, அந்த அரசின் கையிலேயே அவரைப் பிடிக்கும் படகைக் கொடுப்பது! லிபியா விஷயத்தில் இத்தாலிகூட இவ்வளவு தூரம் போகவில்லை, எரித்ரியரைப் பிடிக்க எரித்ரியாவுக்குப் படகு கொடுக்கவில்லை.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 இலங்கைத் தமிழர்களை ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் ஒன்று பிடித்து, ஏறத்தாழ ஒரு மாதம் நடுக்கடலில் ஜன்னலில்லாத அறைகளில் வைத்திருந்தது. இந்தியாவில் இறக்கிவிடப் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவுக்கு இரவோடு இரவாக விமானத்தில் அனுப்பினார்கள். அந்தக் கடல் சிறைவாசம் சட்டப்படி சரிதான் என்று அவர்களின் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. இன்னும் ஒரு நீதிபதி மறுத்திருந்தால் கதை வேறு.

தஞ்சம் கேட்டு வந்தவர்களைப் பிரிட்டன் ருவாண்டாவுக்கு அனுப்பப் பார்த்ததும், இத்தாலி அல்பேனியாவில் முகாம் கட்டியதும் வேறு ஜாதி. அங்கே ஆள் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டார், பிறகு வெளியே தள்ளுகிறார்கள். அதனால்தான் அவை நீதிமன்றத்தில் முட்டி நின்றன. பிரிட்டன் சுமார் 70 கோடி பவுண்டு செலவழித்து, தாமாக ஒப்புக்கொண்ட நான்கு பேரை மட்டும் அனுப்ப முடிந்தது. பக்கத்து நாட்டுக்காரர் கையால் முன்கூட்டியே நிறுத்துவதுதான் சத்தமில்லாமல் ஓடுகிறது.

நிறுத்த நினைத்தால் நிறுத்த முடியாதா என்று கேட்டால், அது ரொம்பச் சுலபம். இத்தாலியும் லிபியாவும் போட்ட அந்த 2017 ஒப்பந்தத்தின் கடைசிப் பிரிவைப் படியுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால், காலம் முடிய மூன்று மாதம் முன்பு ஒரு தரப்பு மற்றத் தரப்புக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். கடைசியாக அந்தக் கெடு 2025 நவம்பர் 2. அக்டோபரில் எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொண்டுவந்தன, ஆளும் தரப்பு தோற்கடித்தது. கடிதம் போகவில்லை.